கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கட்டைவிரல்

விருந்தம்மாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் கொசுக்கள்.

கொசு விரட்டிகளைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. வேலை எளிது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே மருந்தைத் தடவிக்கொண்டு, உள்ளங்கைக்குத் தடித்த உறை மாட்டிக்கொண்டு, இருநூறு பெண் கொசுக்கள் பட்டினி கிடக்கும் கூண்டுக்குள் கையை விடவேண்டும். மூன்று நிமிடம். எடுக்கவேண்டும். அரை மணி கழித்து மறுபடி. முதல் கடி விழும்வரை இதே பாட்டு. கடி விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். கடையில் யாரோ ஒருவர் ஒரு பாட்டிலைத் திருப்பி ‘எட்டு மணி நேரப் பாதுகாப்பு’ என்று படித்தால், அந்த எட்டில் அவள் கைக்கும் பங்கு உண்டு.

எல்லாக் கையும் இந்த வேலைக்கு ஆகாது. முதலில் வெறுங்கையை விடவேண்டும். அரை நிமிடத்தில் பத்துக் கொசுவாவது வந்து உட்காரவேண்டும். உட்காராத கையில் மருந்தைத் தடவி என்ன பயன்? வராத விருந்தாளியை விரட்டினேன் என்று எவன் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் முதல் நாள் கையை விட்டபோது, கொசு வளர்க்கும் கூண்டுக்காரர் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“எடுங்கம்மா கையை. இது சோதனை இல்ல, விருந்து.”

பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அவளும் அதைத் தட்டிவிடவில்லை. பிறக்கும்போது ஒருத்திக்குக் குரல் கிடைக்கிறது, ஒருத்திக்குக் கூந்தல். அவளுக்குத் தோல். அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாசனை சோப்பு கிடையாது. பவுடர் கிடையாது. சென்ட் போட்டவர் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரமாட்டாள், நின்றுகொண்டே வருவாள். “நீ கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, கொசுவையா?” என்று அவள் கணவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரியாமலே போய்ச்சேர்ந்தார்.

அப்படிப்பட்டவளின் மகள், ஐந்து மாதக் கர்ப்பிணி, கொசு மருந்தைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மகள் குடியிருந்தது மூன்றாவது மாடியில். “இவ்ளோ உயரம் கொசு ஏறாதுங்க” என்று வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போதே சொல்லியிருந்தார். கொசுக்கள் லிஃப்ட்டில் வந்தன. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோம். பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் புழு, புழுவிலிருந்து கொசு, கொசுவிலிருந்து காய்ச்சல். கீழ்வீட்டு அச்சகக்காரர் படுத்தார். எதிர்வீட்டு டீச்சர் படுத்தார். மகளைப் பார்த்த டாக்டர், இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிக்கு வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லி, சத்து மாத்திரைக்குக் கீழே ‘கொசு விரட்டி, லேபிளில் சொன்னபடி’ என்று எழுதிக்கொடுத்தார்.

எழுதியது டாக்டர். கெடுத்தது விருந்தம்மா.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பாட்டிலோடு மகள் வீட்டுக்குப் போனாள். தடவும் முறையைத் தன் கையிலேயே செய்து காட்டினாள். பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். மடியிலிருந்த மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்தது. விருந்தம்மா அதை எடுத்தாள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் அதைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

அந்த பாட்டிலில் இருந்த மருந்து டீட். தோலை அது ஒன்றும் செய்யாது. சில பிளாஸ்டிக்கைச் சும்மா விடாது. கூடத்தின் வாசலில் ‘வாட்ச், பேனா, கண்ணாடி வெளியே’ என்று ஒரு பலகையே தொங்குகிறது. அந்தப் பலகையின் கீழேதான் பன்னிரண்டு வருடமாக விருந்தம்மா செருப்பைக் கழற்றுகிறாள். தடவியபின் கையைக் கழுவவேண்டும் என்பது மட்டும் அன்று அவள் புத்தியில் வரவில்லை.

சம்பந்தியம்மா கண்விழித்தாள். கண்ணாடியை வாங்கினாள். மாட்டப்போனவள் நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது என்ன, பிசுபிசுன்னு?”

நீலச் சட்டம் ஓரிடத்தில் இளகி, மறுபடி இறுகியிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, பத்திரத்தில் வைத்ததுபோல் பதிந்திருந்தது.

சம்பந்தியம்மா தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் முத்திரை குத்தித்தான் பேசுவாள்.

“கண்ணாடியையே உருக்குது. வயித்துல இருக்கற பிள்ளையை விட்டுவைக்குமா?”

“சம்பந்தி, பிளாஸ்டிக் வேற, தோல் வேற. நகச்சாயத்தை அழிக்கற தண்ணி சாயத்தைத்தான் அழிக்குது. நகத்தையா அழிக்குது?”

“அந்தத் தண்ணியை யாராவது வயித்துல தடவுவாங்களா?”

“இதையும் வயித்துல தடவச் சொல்லலையே. துணிக்கு வெளியில தெரியற இடத்துல மட்டும்தான். கை, கால், கழுத்து. துணிக்கு உள்ள தடவவே கூடாது.”

“ஆக, கூடாதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“நான் பன்னெண்டு வருஷமா தடவறேன். எனக்கு என்ன ஆச்சு?”

சம்பந்தியம்மா அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அதுதான் பதில்.

பிறகு உள்ளே போய் ஒரு பச்சை பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எலுமிச்சைப்புல், கிராம்பு, யூகலிப்டஸ், இன்னும் ஏதோ. அவளே காய்ச்சுவது. லேபிள் கிடையாது.

“முப்பது வருஷம். இதைத் தடவின நாள்ல இருந்து ஒரு கொசு என்னைக் கடிச்சது இல்ல.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். வழவழவென்று ஒரு தழும்பு இல்லாத கை. அவள் சொன்னது உண்மை. அதுதான் தொல்லை. பொய்யாக இருந்தால் விருந்தம்மா சமாளித்திருப்பாள்.

மகள் இருவரையும் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

“கோச்சுக்காதம்மா. அந்த ரேகையைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு மனசு வரல.”

இரண்டு நாள் கழித்து விருந்தம்மா மறுபடி போனபோது, மகளின் கணுக்காலில் இரண்டு தடிப்புகள் இருந்தன. மகள் எண்ணெய் தடவித்தான் இருந்தாள். வீடெல்லாம் அதன் வாடை.

“சரியாத் தேய்ச்சிருக்க மாட்டே” என்றாள் சம்பந்தியம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகன் தட்டைப் பார்த்துத் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். பேசாத பிள்ளை. அப்போது வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. விருந்தம்மா கவனித்தாள், ஆனால் உப்புக் குறைவு என்று நினைத்தாள்.

அவளுக்கு அந்த இரண்டு தடிப்புகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. தன் உடம்பில் ஆயிரம் கடி வாங்கியவள். கூண்டுக் கொசு சுத்தமானது, கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான். இது பள்ளத்துக் கொசு. அச்சகக்காரரைக் கடித்துவிட்டு நேராக மாடியேறி வந்ததாகக்கூட இருக்கலாம்.

“இந்த எண்ணெய் ஆகாது சம்பந்தி” என்றாள்.

“யார் சொன்னா? உங்க கூண்டு சொல்லுச்சா? கூண்டுல வெச்சுப் பாருங்களேன். பயமா?”

“எனக்கென்ன பயம்? புதன்கிழமை புதுக் கை எடுக்கற நாள். யார் வேணும்னாலும் வரலாம். வாங்க.”

“வரேன்.”

மகள் கையை ஓங்கி மேஜையில் தட்டினாள்.

“ரெண்டு பேரும் போய்ட்டு ஒரு முடிவோட வாங்க. எது ஜெயிக்குதோ அதைத் தடவிக்கறேன். அதுக்கு மேல யாரும் என் காதுகிட்ட வந்து ரீங்காரம் பண்ணக் கூடாது. கொசுவே தேவலாம்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மருமகன் இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கினான். வழியெல்லாம் எண்ணெய் மணந்தது. விருந்தம்மா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். தொழில் தர்மம்.

கூடம் பெரிதல்ல. வெள்ளை ஓடு பதித்த நீண்ட அறை. சூடும் ஈரமுமாக, யாரோ குளித்துவிட்டு இப்போதுதான் வெளியே போனதுபோல் இருக்கும். சுவரோரம் தட்டுத்தட்டாகத் தண்ணீர், அதில் புழுக்கள். நடுவே மேஜைமேல் வலைக்கூண்டுகள். ஒவ்வொன்றிலும் கை நுழைக்க ஒரு துணிக்குழாய். ஆராய்ச்சி மேடம் சம்மதப் படிவத்தைப் படித்துக்காட்டினாள். இங்கேயே பிறந்து வளர்ந்த கொசுக்கள், நோய் கிடையாது. கடித்தால் அரிக்கும். ஒவ்வாமை இருந்தால் இப்போதே சொல்லிவிடவேண்டும். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துவிடலாம். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் இரண்டாம் தடவை தானே படித்துவிட்டு, மூன்று இடத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

கூண்டுக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதால் அவற்றைப் பொண்ணுங்க என்றுதான் சொல்வார்.

“நேத்து சாயங்காலத்துல இருந்து பொண்ணுங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுக்கல. கோவத்துல இருக்காங்க. வெறுங்கையை விடுங்கம்மா.” சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கினார். “வெறுங்கை இல்லையே.”

“ரெண்டு கையிலயும் தடவியிருக்கேன். விடிகாலை அஞ்சு மணிக்கு.”

“தடவிட்டு வரக் கூடாதும்மா.”

“தடவாம வந்தா எப்படி எண்ணெயைப் பார்ப்பீங்க? கவரைப் பிரிக்காம கடுதாசி படிக்கறீங்களா?”

கூண்டுக்காரர் விருந்தம்மாவைப் பார்த்தார். விடுங்க, நடக்கட்டும் என்று அவள் கண்ணைக் காட்டினாள். அஞ்சு மணி எண்ணெய், இப்போது பத்து மணி. அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. சம்பந்தியின் வழவழப்பான கையில் முதல் கொசு உட்காரும்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

சம்பந்தியம்மா உறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கூண்டுக்காரர் கடிகாரத்தை அழுத்தினார்.

கொசுக்கள் வலையின் நான்கு மூலையிலும் தொங்கின. ஒன்று பறந்து வந்து, கைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, தவறான வீட்டுக்கு வந்தவள்போல் திரும்பிப் போனது. முப்பது விநாடி முடிந்தது. உட்கார்ந்தது, பூஜ்யம்.

“அஞ்சு மணி நேரம்” என்றாள் சம்பந்தியம்மா. “உங்க பாட்டில்ல எத்தனை போட்டிருக்கு சம்பந்தி?”

விருந்தம்மாவின் கண்முன்னே மகளின் கணுக்கால் வந்து நின்றது. மகள் சொன்ன சொல் மாறமாட்டாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. பச்சை பாட்டிலைத் தடவிக்கொண்டு பால்கனியில் துணி காயப்போடுவாள். சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும்.

பன்னிரண்டு வருடமாகக் கையைக் கொடுத்தவளை, பெற்ற பெண்ணுக்காகக் கேட்ட ஒரே நாளில் கொசுக்கள் கைவிட்டுவிட்டன. நன்றிகெட்ட ஜென்மங்கள்.

கூண்டுக்காரர் மட்டும் எதையும் எழுதாமல் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

“வெறுங்கையைப் பார்க்காம நான் எழுத மாட்டேன். கழுவிட்டு வாங்க.”

“தாராளமா” என்றாள் சம்பந்தியம்மா. வென்றவர்களின் தாராளம்.

வாசனையில்லாத சோப்பால் இரண்டு முறை கழுவினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். மறுபடி தண்ணீர். அரை மணி காத்திருக்கவேண்டும். இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் மருமகன் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மருமகன் உட்காரவில்லை. விவரம் தெரிந்தவன்.

“உங்க மருந்து கொசுவை என்னதான் பண்ணுது?” என்று சம்பந்தியம்மா கேட்டாள். ஜெயித்தவளுக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. “கொன்னுடுதா?”

“கொல்லாது. கொசு தூரத்துல இருந்தே நம்ம மூச்சுக்காத்தை மோந்து கிளம்புது. கிட்ட வந்ததும் தோல் வாசனை, உடம்புச் சூடு. மருந்து தடவியிருந்தா அந்த வாசனை அதுக்குச் சரியாப் புரியாது. விலாசம் அழிஞ்ச தபால்னு வெச்சுக்கங்க. தெருவுக்கு வரும். வீடு தெரியாது.”

“விலாசம் தெரியாட்டா திருப்பி அனுப்பணும்” என்றாள் சம்பந்தியம்மா தன்னையறியாமல். “அது விதி.”

“அதேதான். திரும்பிப் போயிடும். ஒரு இடம் தடவாம விட்டா அந்த இடத்துல வந்து உட்காரும். ஒரு வீட்டுக் கதவுக்கு மட்டும் எண் இருக்கற மாதிரி.”

“சதவீதம்னு ஏதோ போட்டிருக்கே. கூட இருந்தா வலு கூடவா?”

“நேரம் கூட. அவ்ளோதான். மத்தியானம் ஒரு மணி நேரம் வெளிய போறவளுக்கு நாள் முழுக்கத் தாங்கற மருந்து எதுக்கு?”

சம்பந்தியம்மா தலையை ஆட்டினாள். ஒப்புதலா, அனுதாபமா என்று தெரியவில்லை.

அரை மணி முடிந்தது. கழுவிய கை கூண்டுக்குள் போனது. கடிகாரம் ஓடியது.

கொசுக்கள் அதே மூலைகளில் தொங்கின. இருபதாவது விநாடியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. யோசித்தது. எழுந்து போனது.

விருந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கூண்டுக்காரர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். அவர் முகம் கல்யாண வீட்டு முகமாக மாறிக்கொண்டிருந்தது.

“பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒரு கையை இதோட ரெண்டாவது தடவை பார்க்கறேன்.”

“என் எண்ணெய் உள்ள இறங்கியிருக்கும். முப்பது வருஷ எண்ணெய்.”

“அம்மா, எண்ணெய் போயிடுச்சு. இது உங்க தோல். பொண்ணுங்களுக்கு உங்களைப் பிடிக்கல. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது. முப்பது வருஷமா உங்க எண்ணெய் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கு.”

“இன்னொரு தடவை எண்ணுங்க.”

எண்ணினார். அடுத்த கூண்டிலும் எண்ணினார். அங்கே யோசிக்கக்கூட ஒன்றும் வரவில்லை.

விருந்தம்மா வாயைத் திறந்தாள். அதற்குள், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மருமகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

“அம்மா, அந்த எண்ணெய் பாட்டில் பையில இருக்கா?”

“எதுக்குடா?”

“எங்க ஃபாரம்?” என்று மேடத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வெறுங்கையை விட்டான். மூலைகளில் தொங்கியவை அனைத்தும் வலையை விட்டுக் கிளம்பின. கூண்டுக்காரர் முப்பத்தொன்று எண்ணி, கடி விழுமுன் கையை எடுக்கவைத்தார். விருந்தம்மா தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். மாப்பிள்ளை தேறுவார். தன் அளவுக்கு இல்லை.

“இப்போ எண்ணெய்” என்றான். “நீயே தேய்ச்சு விடும்மா. அப்புறம் சரியாத் தேய்க்கலன்னு சொல்லக் கூடாது.”

சம்பந்தியம்மா தேய்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஒரு மயிரிழை இடம் விடாமல், ஐந்து நிமிடம். கை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததுபோல் மின்னியது.

முதல் தடவை ஒன்றும் உட்காரவில்லை. சம்பந்தியம்மா நிமிர்ந்தாள். பத்தாவது நிமிடம், இரண்டு கொசு மேலேயே வட்டமிட்டன. உட்காரவில்லை. சம்பந்தியம்மா விருந்தம்மா பக்கம் திரும்பினாள். இருபதாவது நிமிடம், ஒன்று உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதலாவது முன்காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, வேலையைத் தொடங்கியது. அதன் வயிறு மெல்லச் சிவந்தது.

“கடி” என்றார் கூண்டுக்காரர். “இருபது நிமிஷம்.” எழுதினார். “நல்ல எண்ணெய்தான்மா. சீக்கிரம் தூங்கிடுது.”

மருமகன் கையை எடுக்கவில்லை. கொசு குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஒன்பது வயசுல உனக்குக் காய்ச்சல் வந்துச்சே” என்றாள் சம்பந்தியம்மா. குரல் முத்திரை குத்தவில்லை. “இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில. எண்ணெயைத் துடைச்சுட்டேன்னு உன்னை அடிச்சேனே.”

“துடைக்கல” என்றான் மருமகன்.

முப்பத்திரண்டு வயது ஆள். குரல் மட்டும் ஒன்பது வயது.

விருந்தம்மா யோசித்து வைத்திருந்த முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வித்தைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அவள் உண்மையாகவே வேறு பக்கம் பார்க்கவேண்டியிருந்தது. பார்த்த இடத்தில் தட்டு நிறையப் புழுக்கள் நெளிந்தன.

“தம்பி, கையை எடுக்கறீங்களா?” என்றார் கூண்டுக்காரர். “அவ சாப்பிட்டு முடிச்சுட்டா. மத்தவங்களும் கேட்பாங்க.”

கையைக் கழுவி, காயவைத்து, அதே கையில் விருந்தம்மாவின் பாட்டிலிலிருந்து தடவினார்கள். பிற்பகல் வரை இருந்தார்கள். மூன்று மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை. கடி இல்லை. சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் கூண்டின்மேல் குனிந்து தானே எண்ணினாள். பூஜ்யத்தை எண்ணுவது எளிதல்ல. அவள் முழுக் கவனத்தோடு எண்ணினாள்.

கிளம்பும்போது மேடம் பின்னாலேயே ஓடிவந்தாள். சம்பந்தியம்மாவின் கை ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றாள். கொசு எதனால் வரவில்லை என்று கண்டுபிடித்தால் பெரிய விஷயமாம். நைலான் உறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் இருந்தால் போதும், வியர்வையை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மாதம் இரண்டு நாள். கார் அனுப்புவார்கள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் சம்பந்தியம்மா. அவள் முதுகு மறுபடி நேராகிவிட்டது.

விருந்தம்மாவுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடம் விருந்து போட்டவள் பஸ்ஸில் வருகிறாள். இலையே போடாதவளுக்குக் கார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் மூன்று முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு?”

சம்பந்தியம்மா விருந்தம்மாவின் பையில் கையை விட்டு மருந்து பாட்டிலை எடுத்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமைதான் வரும். ரேகை பதிந்த பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். துணிக்கு அடியில் தடவவேண்டாம். வெட்டுக்காயத்தில் வேண்டாம். முகத்தில் நேராகத் தெளிக்கவேண்டாம், கையில் எடுத்துத் தடவவும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டாம்.

“பிறந்ததும் குழந்தைக்கு வலைதான்” என்று தன் சார்பில் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். “கையை நீட்டு.”

மகள் நீட்டவில்லை. “அத்தை, நீங்களா சொல்றீங்க?”

“நான் சொல்லல. உன் புருஷன் கை சொல்லுது.”

“எண்ணெய் இருபது நிமிஷம்தான்” என்று மருமகன் கையைக் காட்டினான். இருபது நிமிடத் தடிப்பு நடுவில் ஒன்றே ஒன்று சிவந்திருந்தது. மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

சம்பந்தியம்மா தடவினாள். காலையில் மகனுக்குத் தேய்த்ததுபோல் அழுத்தித் தேய்க்கவில்லை. மெலிதாக, சீராக, கையிலும் கழுத்திலும், கடைசியாகக் குனிந்து கணுக்காலிலும். பழைய இரண்டு தடிப்புகள்மேல் ஒரு கணம் விரல் நின்றது.

“உள்ள வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிடணும். எழுதியிருக்கு” என்றாள். “இதைத் தடவிட்டுப் படுக்கக் கூடாது.”

“பச்சை பாட்டில்?” என்று மகள் கேட்டாள்.

“அது இருக்கட்டும். இருபது நிமிஷ வேலை ஏதாவது இருந்தா தடவிக்கலாம்.”

ஜெயித்தது விருந்தம்மாவின் பாட்டில். ஆனால் அந்த அறையில் ஜெயித்தவளாக நடமாடிக்கொண்டிருந்தது வேறு ஒருத்தி. போகட்டும். மகள் தடவிக்கொண்டாள். அதற்குத்தானே வந்தது.

சம்பந்தியம்மா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். விரல் விரலாக, நகக்கண் உட்பட. துண்டில் ஈரம் போகத் துடைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து பாட்டிலை மறுபடி எடுத்தாள். கடைசி வரி பாக்கி இருந்தது.

“தடவியபின் கைகளை நன்றாகக் கழுவவும். பிளாஸ்டிக் பொருட்களில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.”

கண்ணாடியைக் கழற்றினாள். ரேகை தெரியும்படி திருப்பி விருந்தம்மாவின் முன்னால் மேஜையில் வைத்தாள்.

“சம்பந்தி, இந்த வரியை நீங்க படிச்சது உண்டா?”

பன்னிரண்டு வருடத்தில் விருந்தம்மா லேபிளில் பார்த்தது மணிக்கணக்கு ஒன்றைத்தான். அது அவள் கை தந்த எண். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தவற்றை மற்றவர்களுக்கானவை என்று விட்டிருந்தாள்.

மகள் சிரித்தாள். மருமகன் தட்டு இல்லாவிட்டாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

விருந்தம்மா எழுந்தாள். குழாயடிக்குப் போனாள். சோப்பை எடுத்து இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

அன்று அவள் எதையும் தடவியிருக்கவில்லை.